முண்ணாண் அழற்சியின் அறிகுறிகள் திரும்ப வரும்போது: திருகோணமலையில் வாழ்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குறுக்கு முண்ணாண் அழற்சி என்பது, முள்ளந்தண்டின் உள்ளே மூளையிலிருந்து கீழிறங்கும் முண்ணாணின் ஒரு பகுதி வீங்கிப் பாதிப்படைவதால், அந்த இடத்துக்குக் கீழே கால்களின் வலு, தொடுகை உணர்வு, சலம் மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடு என்பன குறைந்துபோகும் அரிய நோய். தமிழ்நாட்டில் முண்ணாணைத் தண்டுவடம் என்பார்கள். 10 இலட்சம் பேரில் ஆண்டுக்கு 1 முதல் 8 பேருக்கே இது புதிதாக வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். இந்தக் கணக்கின்படி மூதூர் முதல் குச்சவெளி வரை தேடினாலும் ஒரு வருடத்தில் இந்நோய் வருபவர்கள் மூவருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஆகவே இதே நோயுள்ள இன்னொருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு மிகக் குறைவு. இந்நோயோடு வாழும் ஒருவர் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன். வைத்தியரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

நோய் தாக்கிய நாட்களில் எதைச் செய்ய வேண்டும் என்பதை வைத்தியசாலை தீர்மானிக்கிறது. வீடு திரும்பி மாதங்களோ வருடங்களோ கழிந்த பின்னர், ஒரு நாள் காலையில் கால் மீண்டும் கனத்து, மார்பைச் சுற்றிப் பட்டி கட்டியதைப் போன்ற இறுக்கம் ஏற்பட்டு, பாதங்கள் எரியத் தொடங்கும்போது, தீர்மானிக்க வேண்டியவர்கள் நாமும் நம் வீட்டாருமே. அப்போது எழும் முதற்கேள்வி, நோய் மறுபடியும் தாக்குகிறதா, அல்லது பழைய காயம் வேறொரு காரணத்தால் சிறிது நேரம் தலைகாட்டுகிறதா என்பதுதான். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதே இந்நோயோடு வாழ்வதில் மிகப் பெரிய பயிற்சி என்பது எனது உறுதியான கருத்து. பிரித்தறியாதவர்களில் சிலர் ஒவ்வொரு முறையும் அஞ்சி, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் ஊசி கேட்கிறார்கள்; வேறு சிலர் எல்லாவற்றுக்கும் பழகிப்போய், உண்மையான தாக்குதலின்போதும் வீட்டிலேயே படுத்திருக்கிறார்கள். இரண்டாவது அதிக ஆபத்தானது.

பழைய காயம் ஏன் மீண்டும் பேசுகிறது

அழற்சி அடங்கிய பின்னரும் முண்ணாணில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை பல இடங்களில் மெலிந்தோ அழிந்தோ இருக்கும். அத்தகைய இழைகள் சாதாரண வெப்பநிலையில் ஓரளவு வேலை செய்தாலும், உடலின் உள்வெப்பம் அரைப் பாகை உயர்ந்தாலே அவற்றினூடாகச் செல்லும் செய்தி தடைப்படக்கூடும். உடற்பயிற்சிக்குப் பின்னர் பார்வை மங்கிப் பிறகு தெளிவதை 1890ஆம் ஆண்டில் விவரித்த ஜெர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தொஃபின் பெயரால் இது இன்றும் அழைக்கப்படுகிறது. உடல் குளிர்ந்ததும் செய்தி மறுபடி செல்லத் தொடங்குகிறது. இதனால் முண்ணாணில் புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. காய்ச்சல், தொற்று, தூக்கமின்மை, கடும் களைப்பு, மலச்சிக்கல், தவறவிட்ட மாத்திரை ஆகியனவும் இதே வகையில் பழைய அறிகுறிகளை எழுப்பிவிடும்.

உண்மையான மறுதாக்குதல் வேறு. முன்பு இல்லாத அறிகுறி ஒன்று தோன்றி, அல்லது பழையது தெளிவாக மோசமடைந்து, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியர்கள் அதை மறுதாக்குதலாகக் கருதி ஆராய்வார்கள். ஆனால் 24 மணித்தியாலம் என்பது நோயை வரையறுப்பதற்கான அளவு. ஆபத்தான அறிகுறிகள் இருக்கும்போது அத்தனை நேரம் வீட்டில் காத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

நலமாக இருக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்

நோய் கூடியிருக்கிறதா என்று வைத்தியர் கேட்கும்போது, எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று தெரியாமல் பலரும் தடுமாறுகிறார்கள். அதற்காகவே, ஓரளவு நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஒரு சீ.ஆர். கொப்பியின் முதற்பக்கத்தில் உங்கள் வழமையான நிலையை எழுதி வைக்க வேண்டும். மனித உடலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கோட்டுருவமாக வரைந்து, உணர்வு எந்த இடத்திலிருந்து மாறுகிறது என்பதைக் குறியுங்கள். தொப்புள் மட்டம் பத்தாவது நெஞ்சு நரம்பையும், முலைக்காம்பு மட்டம் நான்காவது நெஞ்சு நரம்பையும் குறிப்பதால், உணர்வு மாறும் எல்லை மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது என்ற ஒரு வரி நரம்பியல் வைத்தியருக்கு நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும். வீட்டுப் படலையிலிருந்து கிணற்றடி வரை நடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எத்தனை படிகளைப் பிடிக்காமல் ஏற முடிகிறது, சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடிகிறதா, ஒரு நாளில் எத்தனை தடவை எவ்வளவு சலம் போகிறது, உடலின் வழமையான வெப்பநிலை எவ்வளவு என்பனவும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு முறை அறிகுறி கூடும்போதும் திகதி, தொடங்கிய நேரம், உடலின் எந்தப் பகுதி, அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது, எப்போது தணிந்தது என்பவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். சில மாதங்களில் உங்கள் உடலின் ஒழுங்கு உங்களுக்கே புலப்படும். எனக்குப் பாத எரிவு பெரும்பாலும் தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் கூடுகிறது என்பதைக் கொப்பி காட்டித்தான் அறிந்தேன். அதுவரை உணவையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

அறிகுறி கூடும்போது எந்த ஒழுங்கில் பார்ப்பது

முதலில் வெப்பமானி. கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. காய்ச்சல் இருந்தால் அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது சலம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் என் கணிப்பில் பழைய அறிகுறிகளை எழுப்பும் காரணங்களில் மிகவும் கவனிக்கப்படாமல் போவது இதுவே. சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் பை முழுமையாக வெறுமையாவதில்லை. எஞ்சி நிற்கும் சலத்தில் கிருமி எளிதாகப் பெருகும். உணர்வு குறைந்தவர்களுக்குச் சலக்கடுப்புத் தெரியாமலே போகலாம். கால்கள் திடீரென இறுகுவதும், வழமைக்கு மாறான களைப்பும், கலங்கிய அல்லது நாற்றமுள்ள சலமுமே அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. சந்தேகம் எழுந்தால், பாமசியில் தாமாக அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்குவதற்கு முன்னர், சிறுநீர் முழுப் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்து இனங்காணும் கல்ச்சர் பரிசோதனைக்கும் சலத்தைக் கொடுத்துவிட வேண்டும். மருந்தைத் தொடங்கிய பின்னர் எடுக்கும் கல்ச்சர் பல வேளைகளில் கிருமியைக் காட்டாது. சலத்தை வெளியேற்றும் குழாயான கதீற்றரை இடைவிட்டுப் போடுபவர்கள் பொதுவாக 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட வேண்டும்; ஒரு தடவையில் வெளியேறும் அளவு 500 மில்லிலீற்றருக்கு மேல் போனால் இடைவெளியைக் குறைப்பது பற்றித் தாதியிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள். வெளியே போகும் நாட்களில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பழக்கம் நம் பெண்களிடம் அதிகம். பொது மலசலகூடங்களின் நிலை அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது என்பது உண்மைதான்; ஆயினும் அது தொற்றையும் மலச்சிக்கலையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

மூன்றாவது மலச்சிக்கல். உணவு உண்டு 20 முதல் 30 நிமிடங்களுக்குள் பெருங்குடல் இயல்பாகவே அசைவதால், காலை உணவுக்குப் பின்னர் தினமும் ஒரே நேரத்தில் அமர்ந்து பழகுவது பலருக்கு உதவுகிறது.

நான்காவது தோல். குதிக்கால், பிட்டம், இடுப்பெலும்பு ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். உணர்வில்லாத இடத்தில் உள்ள சிறு புண்ணோ உள்வளர்ந்த நகமோ கால் இறுக்கத்தை இரட்டிப்பாக்கும். நாற்காலியில் நீண்ட நேரம் இருப்பவர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடற்பாரத்தை மாற்ற வேண்டும்.

இவை எதிலும் காரணம் தெரியாவிட்டால், முந்தைய இரவின் தூக்கம், அன்றைய வெயில், விடுபட்ட மாத்திரை ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த இடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்து, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, நீர் அருந்தி ஓய்வெடுங்கள். வெப்பத்தால் எழுந்த அறிகுறி சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ தணியத் தொடங்கும். தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக் காய்ச்சல் நின்ற பின்னரும் வலு திரும்பாவிட்டால், தொற்றே உண்மையான மறுதாக்குதலைத் தூண்டியிருக்கலாம் என்பதால் வைத்தியரைக் காணத் தாமதிக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

கால் அல்லது கையின் வலு சில மணித்தியாலங்களுக்குள் படிப்படியாகக் குறைந்துகொண்டே போதல், உணர்வு மாறும் எல்லை மேலேறுதல், சலம் முற்றாக நின்றுபோதல், ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்படுதல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் அன்றே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா என்ற வகை நோயுள்ளவர்களுக்கு நாட்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்கூடத் தாக்குதலின் அறிகுறியாக இருக்கலாம்; இது வயிற்றுக் கோளாறு என்று தவறாக எண்ணப்படுவது வழக்கமாதலால், உங்கள் நோயின் பெயரை அனுமதிக்கும் வைத்தியரிடம் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

பாதிப்பு ஆறாவது நெஞ்சு முள்ளந்தண்டு மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ளவர்கள் இன்னோர் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை, அடைத்த கதீற்றர், இறுகிய மலம் போன்றவை இரத்த அழுத்தத்தைத் திடீரென மிக உயரத்துக்கு ஏற்றிவிடலாம். தலை வெடிப்பதைப் போன்ற தலையிடி, முகம் சிவத்தல், பாதிப்புக்கு மேலே வியர்த்தல் என்பன அதன் அடையாளங்கள். அப்போது ஆளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீற்றர் மடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சலத்தை வெளியேற்றுங்கள். அதன் பின்னும் உடனடியாகத் தணியாவிட்டால் அம்புலன்ஸை அழையுங்கள்.

கச்சான் காற்றும் கோயில் வீதியும்

திருகோணமலையில் இந்நோயோடு வாழ்பவருக்கு வருடத்தின் கடினமான காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. கச்சான் காற்று மேற்கிலிருந்து வறண்டு வீசும் அந்த மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 பாகை வரை ஏறுகிறது. சந்தைக்கும் வங்கிக்கும் போக வேண்டிய வேலைகளைக் காலை 9 மணிக்கு முன்னரோ மாலை 5 மணிக்குப் பின்னரோ வைத்துக்கொள்வதும், தகரக் கூரையின் கீழுள்ள அறையை நண்பகலில் தவிர்ப்பதும், வெளியே புறப்பட முன்னர் கிணற்று நீரில் உடல் குளிரக் குளிப்பதும் எளிய, செலவில்லாத முறைகள். வெளியே சென்று வந்த பின்னர் குளிப்பதைவிட, போவதற்கு முன்னர் குளித்து உடலை முன்கூட்டியே குளிரச் செய்வது அதிக நேரம் தாங்குகிறது என்பதே என் அனுபவம். ஆனால் அளவுக்கு மீறிய குளிர் தசை இறுக்கத்தைக் கூட்டுவதால், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

உப்புவெளி, நிலாவெளிக் கடல் அந்த மாதங்களில் அமைதியாக இருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இடுப்பளவு நீரில் உடற்பாரம் குறைவதால் நிலத்தில் முடியாத அசைவுகளையும் செய்ய முடிகிறது, உடலும் சூடேறுவதில்லை. அதிகாலையிலோ மாலையிலோ, கைபிடிக்க ஒருவரோடு மட்டுமே இறங்க வேண்டும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை விட்டுவிடுங்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு உறவினர் அழைத்துச் சென்று, நரம்பு நோய்க்கு நல்லது என்று வற்புறுத்துவதுண்டு. அந்த இடத்தின் மீதான மதிப்புக் குறையாமலே சொல்கிறேன்: முண்ணாண் அழற்சி உள்ளவர் வெந்நீர்க் குளிப்பைத் தவிர்க்க வேண்டும். குளித்து முடிந்த சிறிது நேரத்திலேயே கால் துவண்டு ஈரத்தரையில் விழ நேரலாம். வேது பிடிப்பதும், மரத்த காலில் சுடு ஒத்தடம் வைப்பதும் இவ்வகையிலேயே சேரும். சூடு தெரியாத தோல் கொப்புளித்த பின்னர்தான் நாம் அறிவோம். வீட்டில் மென்மையாக எண்ணெய் பூசித் தடவுவதில் தவறில்லை. முதுகை அழுத்தி நெட்டி முறிப்பதை எவரையும் செய்ய விடாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்குச் செல்பவர்கள் சுவாமிமலை ஏற்றத்தையும் சுடும் தரையையும் எண்ணிப் பார்த்து அதிகாலைப் பூசையைத் தெரிவு செய்யலாம். உணர்வு குறைந்த பாதத்தோடு நண்பகல் வீதியில் வெறுங்காலுடன் நடந்து வெந்துபோன பாதம் ஆற மாதங்கள் எடுக்கும். தடித்த பருத்திக் காலுறை அணிய அனுமதி கேட்டால், நிலைமையை விளக்கிச் சொன்ன பின்னர் மறுப்பவர்கள் குறைவு. நோன்பு நோற்பவர்களும், கந்தசஷ்டி போன்ற விரதம் பிடிப்பவர்களும், நீர் அருந்தாத நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் முன்னதாகவே வைத்தியரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

மருந்துகள் பற்றிச் சில எச்சரிக்கைகள்

நரம்பு எரிவுக்குக் கபாபென்ரின், பிரிகாபலின், அமிற்றிப்ரிலின் ஆகியனவும், தசை இறுக்கத்துக்குப் பக்லோஃபென், ரிசானிடின் ஆகியனவும் பொதுவாகத் தரப்படுகின்றன. பனடோல் நரம்பு எரிவை அவ்வளவாகத் தணிப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் கை அல்லது காலை முறுக்கி, கடும் வலியோடு நாளுக்குப் பல தடவை வந்து போகும் இழுப்புக்குச் சிறிய அளவு காபமசபின் நன்கு வேலை செய்யக்கூடும். அதைத் தொடங்கிய பின்னர் தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். பக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். நீண்ட நாள் எடுத்த ஸ்டீரொய்ட்டும் அப்படியே திடீரென நிறுத்தக் கூடாதது. எனவே மாத்திரை முடிய ஒரு வாரத்துக்கு முன்னரே அடுத்த தொகுதி கையில் இருக்க வேண்டும்.

மறுதாக்குதலைத் தடுக்க அசதயோப்பிரின் எடுப்பவர்கள் இரத்தக் கலங்களின் எண்ணிக்கையையும் ஈரல் பரிசோதனையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். யூரிக் அமிலம் கூடுவதால் வரும் மூட்டுவாதத்துக்கு அலோபியூரினோல் தரப்பட்டால், இரண்டும் சேர்ந்து எலும்பு மச்சையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அதே நோக்கத்துக்குத் தரப்படும் மைக்கோபினோலேற் கருவுக்குத் தீங்கானது. இம்மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், மழைக்காலக் காய்ச்சலை இலேசாக எடுக்கக் கூடாது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நம் மாவட்டம் மறந்திருக்காது. காய்ச்சலைத் தணிக்கப் பனடோல் மட்டும் எடுங்கள். டைக்குளோஃபெனக், இபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் வேண்டாம். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

உண்மையாகவே மீண்டும் தாக்கினால் கேட்க வேண்டிய கேள்வி

காரணம் தெரியாத குறுக்கு முண்ணாண் அழற்சி பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வருகிறது. இரண்டாவது முறை உறுதியாகத் தாக்கினால், அதன் பின்னால் வேறொரு நோய் இருக்கிறதா என்று மறுபடி ஆராய வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவதால் வரும் மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ், லூப்பஸ், ஷோகிரன் நோய் ஆகியன அவற்றுட் சில. நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்காவுக்குரிய பிறபொருளெதிரி 2004இல் கண்டறியப்பட்டது. அது அக்குவபொரின் 4 என்ற புரதத்தைத் தாக்குகிறது. முண்ணாணில் மூன்று முள்ளந்தண்டு எலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ அழற்சி இருந்தால் இந்தப் பிறபொருளெதிரிக்கான இரத்தப் பரிசோதனை மிகவும் அவசியம். மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இன்ரஃபெரோன் பீற்றா போன்ற சில மருந்துகள் நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்காவை மோசமாக்கும் என்பதால், பெயரைச் சரியாக அறிவது சிகிச்சையையே மாற்றுகிறது. நடக்க நடக்கக் கால் வலுக் குறைந்து, படிப்படியாக மோசமடைந்து, ஸ்டீரொய்ட் கொடுத்ததும் மேலும் கூடினால், முண்ணாண் உறையிலுள்ள இரத்தக் குழாய்களின் தவறான இணைப்புக் காரணமாக இருக்கலாமா என்று கேளுங்கள். அதைக் குணப்படுத்தத் தனியான முறைகள் உள்ளன.

இத்தகைய ஆய்வுக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும்போது, கொழும்பு வரையிலான ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணமே ஒரு சோதனை. குளிரூட்டிய பஸ்ஸில் கால்களை மூட ஒரு துணியும், கதீற்றர் போடுபவர்களுக்குத் தேவைக்கு மேலாக இரண்டு தொகுதியும், அமர மென்மையான மெத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மலசலகூடம் இருப்பதால் முடிந்தவர்களுக்குப் புகையிரதமே வசதியானது. எம்.ஆர்.ஐ. படங்களை அறிக்கையோடு மட்டும் விடாமல் இறுவட்டாகவும் கொண்டு போக வேண்டும். பழைய படத்தைப் புதியதோடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் புதிய தழும்பு உண்டா என்று வைத்தியர் சொல்ல முடியும். கிளினிக் கொப்பி, சீ.ஆர். கொப்பி, எடுக்கும் மருந்துகளின் அளவு எழுதிய தாள் ஆகியன கைப்பையில், உங்களோடு வருபவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.